நீரிழிவு: ஒரு நோய் பற்றிய அறிவும் அதன் உடைமையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே இந்நோய்க்கு இரு பெயர்கள் உள்ளன. முதியோர் சலரோகம் என்பர். சற்றுப் பிந்திய தலைமுறையினர் சீனி வருத்தம் என்பர். எழுத்து வழக்கிலே நீரிழிவு என்பதே நிலைபெற்றுள்ளது. சலரோகம், நீரிழிவு ஆகிய இரண்டும் நோயாளியின் உடலிலிருந்து இடையறாது வெளியேறும் நீரைக் கண்டு இடப்பட்ட பெயர்கள். சீனி வருத்தம் என்பதோ அந்நீரில் என்ன உளது என்று அறிந்த பின்னர் எழுந்தது. கிரேக்க மொழியிலிருந்து வந்த டயபிற்றிஸ் என்ற சொல்லும் ஊடறுத்துப் பாய்ந்து செல்வதையே குறிப்பதாகும். அதனோடு பின்னர் ஒட்டிக்கொண்ட மெலிற்றஸ் என்ற இலத்தீன் அடைமொழி தேனின் இனிமையைச் சுட்டும். வடமொழியின் மதுமேகம் இவ்விரு கூறுகளையும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றது. பார்ப்பவர் எதனைப் பார்க்க முடிந்ததோ அதுவே நோயின் பெயராயிற்று. உள்ளே நிகழ்வது பெயருக்குள் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

இலக்கிய மாணவன் ஒருவன் மருத்துவ வரலாற்றுக்குள் நுழைவதற்கு இச்சொற்களே வாயிலாக அமைந்தன. ஆயின் உள்ளே சென்றதும் எதிர்ப்படும் வினா சொற்களைப் பற்றியதன்று. குருதியில் மிகுந்த சீனி மனித உடலை எவ்வாறு சிதைக்கின்றது என்ற அறிவு எப்பொழுது, எந்நிலைமைகளில் உண்டாயிற்று? அவ்வறிவின் பயனை யார் பெற்றனர்? இவ்விரு வினாக்களையும் பிரித்து நோக்குவதே மருத்துவ வரலாற்றாசிரியரிடையே பெருவழக்கு. அவை பிரிக்கவியலாதவை என்பது இக்கட்டுரையின் துணிபு.

சுசுருத சங்கிதை இந்நோய் பற்றிக் கூறுமிடம் வர்க்க நோக்கில் நுணுகி ஆராயத்தக்கது. பிறவியிலேயே வருவது, தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது என நோயை அந்நூல் இரண்டாகப் பகுக்கின்றது. முன்னையோர் மெலிந்தவர், பின்னையோர் பருத்தவர் என்கிறது. இன்று முதலாம் வகை, இரண்டாம் வகை என வழங்கும் பாகுபாட்டின் முன்னறிவிப்பாக இதனைப் போற்றுவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் பகுதி சிகிச்சைத் தானத்தில் வருகின்றது. பொருளும் சுற்றமும் அற்ற நோயாளி செருப்பும் குடையுமின்றி, இரந்துண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காது, முனிவனைப் போல நூறு யோசனைத் தூரத்துக்கு மேல் நடத்தல் வேண்டும். பெருஞ் செல்வன் சாமையும் காட்டுநெல்லும் கனிகளும் உண்டு மான்களோடு வாழ்தல் வேண்டும். பிராமணன் சிந்திய கதிர் பொறுக்கி வாழ்தல் வேண்டும். ஏனையோர் இடைவிடாது உழவேண்டும், அன்றேல் கிணறு தோண்ட வேண்டும்.

உடலுழைப்பு இந்நோய்க்கு மருந்து என்ற அவதானம் இங்கு மிகத் தெளிவாக உள்ளது. இன்றைய மருத்துவமும் அதனை மறுக்காது. ஆனால் அவ்வவதானம் வருண ஒழுங்கின் வழியாகவே மருந்தாகின்றது. ஒரே நோய்க்கு நால்வகை மனிதருக்கு நால்வகை வாழ்வு விதிக்கப்படுகின்றது. வறியவனுக்கு அந்நூல் விதிப்பது உண்மையில் அவன் ஏலவே வாழ்ந்துகொண்டிருக்கும் வாழ்வைத்தான். இன்னொன்றும் நோக்கற்பாலது. இந்நோய் செல்வந்தரின் நோய் என்ற கருத்து நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பொருளற்ற நீரிழிவு நோயாளி ஒருவனைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை அப்பழைய நூலாசிரியருக்கே ஏற்பட்டிருக்கின்றது.

ஐரோப்பியக் கதையின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்படோசியாவைச் சேர்ந்த அரற்றேயசு என்ற கிரேக்க மருத்துவர், தசை உருகிச் சிறுநீராக ஓடிவிடுவது போன்ற நோய் என இதனை வருணித்தார். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய மருத்துவரான தோமசு வில்லிசு அச்சிறுநீரின் இனிப்பைப் பதிவு செய்தார். 1776இல் லிவர்பூலைச் சேர்ந்த மத்தியூ டொப்சன், சிறுநீரை ஆவியாக்கி எஞ்சிய பொருள் சீனியே என்று காட்டினார். நோயாளியின் குருதிநீரும் இனிப்பாயிருப்பதை அவர் கண்டார். நோய் சிறுநீரகத்திலன்று, உடல் முழுவதிலும் உளது என்பதற்கு இதுவே முதற் சான்று.

வில்லிசு வாழ்ந்த இங்கிலாந்துக்கு பார்படோசின் அடிமைத் தோட்டங்களிலிருந்து சீனி வரத் தொடங்கியிருந்தது என்பதும், டொப்சனின் லிவர்பூல் அவர் காலத்தில் அடிமை வாணிபத்தின் தலையாய துறைமுகமாக விளங்கியது என்பதும் வரலாற்று உண்மைகள். இவற்றை அருகருகே வைத்து ஒரு சமன்பாடு எழுதிவிடும் ஆசை எவருக்கும் எழும். அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். உண்ட சீனி நேரே சிறுநீருக்குப் போவதில்லை. இதனை விளக்கியவர் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் குளோட் பேர்னாட். உடல் சீனியை உணவிலிருந்து பெறுவதோடு நில்லாது தானே ஆக்கவும் செய்கிறது என்பதை 1840களின் இறுதியில் அவர் கண்டார். 1857இல் ஈரலில் சீனி சேமிக்கப்படும் வடிவத்தைப் பிரித்தெடுத்து அதற்குக் கிளைக்கோசன் எனப் பெயரிட்டார். உடல் வெறும் நுகர்வோன் அல்லன், உற்பத்தியாளனும் ஆவான் என்ற இக்கண்டுபிடிப்பு உயிரியலின் பெருந் திருப்பங்களுள் ஒன்று. அதே ஆண்டுகளில், 1847இல் வந்து சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பிப்பதற்கான சொற்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தொடக்கி வைத்த கலைச்சொல் முயற்சியின் தொடர்ச்சியாகவே சதையி, கலம், குருதி என்ற சொற்களை நாம் இக்கட்டுரையில் கூச்சமின்றி எடுத்தாள முடிகின்றது.

சதையிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1889இல் ஸ்ராஸ்பேர்க்கில் வெளிப்பட்டது. ஒஸ்கார் மின்கோவ்ஸ்கியும் யோசேப் வொன் மெறிங்கும் நாயொன்றின் சதையியை அகற்றியதும் அதற்குக் கடும் நீரிழிவு கண்டது. சதையியினுள்ளே சிறு தீவுகள் போலக் கிடந்த கலத்திரள்களை 1869இலேயே போல் லங்கர்கான்சு என்ற மாணவர் விவரித்திருந்தார். அவற்றின் தொழில் யாதென அவர் அறிந்திலர். அத்தீவுகள் சுரக்கும் பொருளுக்கு, அது கைக்கு எட்டும் முன்னரே, தீவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் இன்சுலின் என்ற பெயர் பிறந்தது.

1921ஆம் ஆண்டின் கோடை முதலாக ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தில் நடந்தவை பலமுறை கூறப்பட்டவை. அறுவை மருத்துவர் பிறெடெறிக் பான்ரிங், மாணவர் சாள்ஸ் பெஸ்ற், ஆய்வுகூடத் தலைவர் மக்கிளவுட், உயிர்இரசாயனவியலாளர் கொலிப் ஆகிய நால்வரும் அதிற் பங்காளர். 1922 ஜனவரி 11ஆந் திகதி பதினான்கு வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு முதல் ஊசி ஏற்றப்பட்டது; பயன் சொற்பம், ஊசி ஏற்றிய இடத்திற் சீழ் கட்டியது. கொலிப் தூய்மைப்படுத்திய சாற்றை ஜனவரி 23இல் ஏற்றியபோதே சிறுவனின் குருதிச் சீனி இறங்கியது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அமெரிக்காவில் அலன் என்ற மருத்துவர் பரப்பிய சிகிச்சை, நோயாளரைப் பட்டினிக்கு அண்மையிலே வைத்து நாள்களை நீட்டுவதாகும். நோயால் இறக்காத பிள்ளைகள் மெலிந்து எலும்புக்கூடாகிப் பட்டினியால் இறந்தனர். இந்தப் பின்னணியில் நோக்கினாலன்றி 1922இன் பெறுமதி புலப்படாது.

1923இல் நோபல் பரிசு பான்ரிங்குக்கும் மக்கிளவுட்டுக்கும் மட்டுமே வழங்கப்பட்டது. முன்னவர் தமது பங்கிற் பாதியைப் பெஸ்ற்றுக்கும், பின்னவர் கொலிப்புக்கும் பகிர்ந்தனர். 1921இலே இத்தகைய சாறு பற்றிய ஆய்வை வெளியிட்டிருந்த புக்காறெஸ்ற் நகரப் பேராசிரியர் போலெஸ்கு கணக்கில் எடுக்கப்படவேயில்லை. கூட்டு உழைப்பின் விளைவைத் தனிமனித மேதைமையாகக் காட்டும் பூர்ஷ்வாக் கருத்துநிலைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு இது. இங்கே பரிசு பெற்றவர்களே அக்கருத்துநிலையை ஓரளவு திருத்தியிருக்கின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதனினும் முக்கியமானது ஆக்கவுரிமை பற்றியது. பான்ரிங், பெஸ்ற், கொலிப் மூவரும் தலா ஒரு டொலருக்கு இன்சுலினின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். வேறெவரும் அதனை ஏகபோகமாக்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். ஆயினும் தொன் கணக்கிலே மாட்டுச் சதையியும் பன்றிச் சதையியும் வேண்டியிருந்த ஒரு பொருளை ஆய்வுகூட மேசையில் ஆக்கித் தீராது. அமெரிக்க இறைச்சித் தொழிலின் மாபெரும் கொல்களங்களும் எலை லில்லி நிறுவனத்தின் ஆலையும் இல்லாது இன்சுலின் 1923இல் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைந்திராது. முதலாளித்துவத்தின் உற்பத்தி ஆற்றலை மார்க்சு எங்கும் குறைத்து மதிப்பிட்டவரல்லர். நாமும் அவ்வாறு செய்யலாகாது. சிக்கல் உற்பத்தியில் அன்று, உடைமையில்.

இன்சுலின் வந்த பின்னர்தான் இந்நோய் தனது மறுமுகத்தைக் காட்டியது. இதுவே இவ்வரலாற்றின் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி. 1922க்கு முன் சிறுவயதில் நோயுற்றவர்கள் விரைவில் இறந்தனர். இன்சுலின் இல்லாதபோது பெரும்பாலான தசைக் கலங்களும் கொழுப்புக் கலங்களும் குருதியிலிருந்து குளுக்கோசை எடுக்க இயலாது தவிக்கின்றன. குருதியிற் சீனி நிறைந்திருக்கக் கலங்கள் பசித்திருக்கின்றன. குருதிச் சீனி டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டியதும் சிறுநீரகத்தால் அதனைத் தடுத்து மீட்க இயலாது போகின்றது. சீனி தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகின்றது. தணியாத தாகமும் ஓயாத சிறுநீரும் இதனால் வருவன. உடல் தன் கொழுப்பை உடைத்து எரிபொருள் தேடுகின்றது. அதன் விளைவாகிய கீற்றோன்கள் குருதியை அமிலமாக்குகின்றன. மயக்கமும் மரணமும் தொடர்கின்றன. பழைய மருத்துவர் கண்டது இந்த விரைந்த அழிவை மட்டுமே.

இன்சுலினால் உயிர் நீண்டவர்கள் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்ந்தபோது அவர்களுடைய கண்கள் மங்கின, சிறுநீரகங்கள் பழுதடைந்தன, பாதங்கள் உணர்விழந்தன. 1936இல் கிம்மெல்ஸ்ரீல், வில்சன் ஆகிய இருவர் நீரிழிவு நோயாளரின் சிறுநீரகக் கலன்கோளங்களிலே தனித்தன்மை வாய்ந்த முடிச்சுகளை விவரித்தனர். மயக்கத்தால் இறப்போர் தொகை வீழ்ந்து, குருதிக்குழாய் நோய்களால் இறப்போர் தொகை ஏறியது. மிகுந்த சீனியின் நீண்டகால வேலை என்ன என்பது, அச்சீனியோடு நீண்ட காலம் வாழ்ந்த மனிதரின் உடல்களில்தான் முதன்முதலாக வாசிக்கப்பட்டது.

அவ்வேலை மெதுவானது, ஓசையற்றது. ஆரோக்கியமான ஒருவரின் குருதி முழுவதிலும் ஒரு தேக்கரண்டி அளவு, ஏறத்தாழ 5 கிராம் குளுக்கோசே உள்ளது. இது நீடித்து மிகும்போது சீனி மூலக்கூறுகள் எந்த நொதியத்தின் உதவியுமின்றிப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. மயிர்த்துளைக்குழாய்களின் அடிமென்சவ்வு தடிக்கின்றது. தடித்தும் அது ஒழுகுகின்றது. விழித்திரையிலே நுண்குழாய்கள் புடைத்துக் கசிகின்றன. அடைபட்ட இடங்களுக்கு ஈடாகப் புதிய குழாய்கள் முளைக்கின்றன, அவை நொய்மையானவையாதலின் உடைந்து குருதி பெருகிப் பார்வை போகின்றது. சிறுநீரகம் காக்க வேண்டிய புரதத்தைச் சிறுநீரில் விட்டுவிடுகின்றது. நரம்புகளில் மிக நீண்டவை முதலிற் பாதிக்கப்படுவதால் உணர்விழப்பு கால்விரல்களில் தொடங்கி மேலேறும். முள் குத்தியதை அறியாத பாதம் புண்ணாகின்றது. குருதியோட்டம் குன்றியிருப்பதால் புண் ஆறாது. ஈற்றில் கால் அகற்றப்படுகின்றது. பெருந் தமனிகளிலும் கொழுப்புப் படிவு விரைவுபடுவதால் மாரடைப்பும் பாரிசவாதமும் இவர்களை மிகுதியாகத் தாக்குகின்றன. வயலிலும் தோட்டத்திலும் வெறுங்காலுடன் நின்று உழைப்பவனுக்கு உணர்விழந்த பாதம் எத்தகைய ஆபத்து என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியிற் சொல்லிச் செல்கின்றன. சுசுருதர் வறியவனைச் செருப்பின்றி நடக்கச் சொன்னதை இங்கு நினையாதிருக்க முடியவில்லை.

சீனியைக் கட்டுக்குள் வைத்தால் இச்சிதைவைத் தடுக்க முடியுமா என்பதிற் பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் வாதிட்டனர். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதன் ஈமோகுளோபினில் ஒட்டிய சீனியின் வீதத்தை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனி தெரியும். இவ்வளவுகோல் கிட்டிய பின்னரே வாதம் தீர்ந்தது. வட அமெரிக்காவில் 1,441 முதலாம் வகை நோயாளரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. இறுக்கமான கட்டுப்பாட்டில் இருந்தோரில், முன்னர் விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களுக்கு அது தோன்றும் இடர் 76 வீதம் குறைந்திருந்தது. 1998இல் வெளியான பிரித்தானிய ஆய்வு இரண்டாம் வகையினருக்கும் அதே திசையிற் சான்று தந்தது. ஆகவே குருடும் கால் இழப்பும் விதியல்ல. அவை பெருமளவுக்குத் தவிர்க்கக்கூடியவை. தவிர்ப்பதற்கு வேண்டியவை ஒழுங்கான மருந்து, ஒழுங்கான சோதனை, தக்க உணவு, ஓய்வு நேரம் என்பன. இவற்றுள் எதுவும் சமூகத்திற் சமமாகப் பங்கிடப்பட்டதன்று.

இரண்டாம் வகையே நோயாளருள் மிகப் பெரும்பான்மை. 1936இல் லண்டனில் கிம்ஸ்வேத் காட்டியது போல, இவர்களுக்கு இன்சுலின் இல்லாமையன்று, இன்சுலினுக்கு உடல் செவிசாயாமையே முதற் குறை. இதனை இனத்தின் குணமாக விளக்குவோர் உளர். மொரீசியசில் 1987இல் நடந்த கணக்கெடுப்பு இங்கு பயனுடையது. கரும்புத் தோட்டங்களுக்கு 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழிவந்தவர்கள் - அவர்களுள் தமிழரும் அடங்குவர் - மாத்திரமன்றி, ஆபிரிக்க வழிவந்த கிரியோல் மக்களிடையிலும் சீனரிடையிலும் வயதுவந்தோரில் பத்து வீதத்துக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்தது. இரு கண்டங்களிலிருந்து வந்தோரின் பிறங்கடைகள் ஒரே தீவில், ஒரே பொருளாதார மாற்றத்தினுள் வாழ்ந்து ஏறத்தாழ ஒரே நிலையை எய்தியுள்ளனர். இனம் முற்றாகப் பொருளற்றது என்பது இதன் கருத்தன்று. அதனை முதற் காரணமாக வைப்பது தவறு என்பதே.

பசியும் இந்நோயை விதைக்கும். 1944-45 குளிர்காலத்தில் ஜேர்மன் இராணுவம் மேற்கு ஒல்லாந்துக்கு உணவு செல்வதைத் தடுத்தபோது தாயின் வயிற்றில் இருந்தோர், ஐம்பது வயதில் குளுக்கோசைக் கையாளும் திறனிற் குறைந்தவர்களாகக் காணப்பட்டனர். சீனத்திலும் இதற்கு இணையான சான்றுண்டு. 1965இல் சாங்காய், பீக்கிங் ஆய்வாளர் கூட்டாக முயன்று மாட்டு இன்சுலினைச் செயற்கையாகத் தொகுத்துப் பளிங்காக்கினர். 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதமொன்றை ஏழை நாடொன்று இவ்வாறு ஆக்கியமை மாபெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயின் அத்திட்டம் பிறந்தது 1958இல், பெரும் பாய்ச்சலின் வேளையில். அப்பாய்ச்சலைத் தொடர்ந்த 1959-61 பஞ்சத்தின்போது கருவிலிருந்தோரிடையே, பிற்காலத்தில் குருதிச் சீனி மிகுதல் கூடுதலாகக் காணப்பட்டதை 2010இல் வெளியான ஆய்வொன்று எடுத்துரைத்தது. செயற்கை இன்சுலினைப் போற்றிப் பஞ்சத்தை மறைப்பது மார்க்சியருக்கு உரிய வேலையன்று. அந்த இன்சுலின் நோயாளருக்கான மருந்தாக வளரவுமில்லை. மனித இன்சுலினைப் பற்றீரியாவைக் கொண்டு ஆக்கும் முறை 1978இல் கலிபோர்னியாவிற் கண்டறியப்பட்டு, 1982இல் லில்லி நிறுவனத்தின் வழியாகவே சந்தைக்கு வந்தது.

சந்தையில் நிகழ்ந்ததை விலைகளே சொல்லும். 1996இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 21 டொலருக்கு அறிமுகமான அந்நிறுவனத்தின் இன்சுலின் வகையொன்று 2019 அளவில் 275 டொலரை அண்மியது. மருந்து அதே மருந்து. ஒரு டொலருக்குக் கையளிக்கப்பட்ட பொருள் பிறந்த கண்டத்திலேயே, நோயாளர் அளவைக் குறைத்து ஊசி ஏற்றி உயிருக்கு அஞ்சி வாழ்ந்தனர். முதலாம் வகை நோயாளி இன்சுலினை வாங்க மறுக்க முடியாது. ஆகவே விலையேறினாலும் கேள்வி குறையாது. பயன்பெறுமதிக்கும் பரிமாற்றப்பெறுமதிக்கும் இடையிலான முரண்பாட்டுக்கு இதைவிடத் துலக்கமான சான்று காண்பது அரிது. பொதுமக்கள் எதிர்ப்பும் சட்ட நெருக்கடியும் வலுத்த பின்னர், 2023இலேதான் அவ்விலைகள் பெருமளவு குறைக்கப்பட்டன.

இலங்கையில் 2005-06இல் நடந்த தேசிய ஆய்வின்படி இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினர் நீரிழிவு உடையோர், நகரத்தில் 16.4 வீதம், கிராமத்தில் 8.7 வீதம். அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தம் நோயை அறியாதிருந்தனர். மருந்து பண்டமாவதற்கு எதிரான ஒரு கொள்கையை உலகுக்கு முன்வைத்த நாடும் இதுவே. 1971இல் சேனக பிபிலேயும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையின் வழியாக அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் இயற்பெயரால் வாங்குவது, உலகளாவிய கேள்விப்பத்திரத்தின் மூலம் மலிவாகக் கொள்வனவு செய்வது என்பன அதன் அடிப்படைகள். பிபிலே 1977இல் கயானாவிற் காலமானார். அதே ஆண்டில் வந்த திறந்த பொருளாதாரம் அக்கொள்கையைப் படிப்படியாகக் கரைத்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடியது.

வடபுலத்துக்கு இது முதல் அனுபவமன்று. இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் சேமிக்க வேண்டும் என்று அதன் பெட்டியிலே அச்சிட்டிருக்கும். 1990 முதற் பல ஆண்டுகள் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருளும் மருந்துப் பொருள்களும் தடைகளுக்கும் அனுமதிகளுக்கும் உட்பட்டே வந்தன. நனைந்த மணலில் வைத்த மண்பானைதான் அப்போது ஒரு சாதாரண வீட்டுக்கு எட்டிய குளிர்பெட்டி. அக்காலத்தில் எத்தனை பேர் எவ்வளவு இன்சுலினோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்ற வரலாறு எழுதப்படவேண்டியிருக்கின்றது. அதற்கான சாட்சிகள் முதுமையடைந்துகொண்டிருக்கின்றனர்.